வாழைப்பழம் வேண்டாம் என்றால் வேண்டாம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ வரும். அதன் பின்னாலேயே ஒரு வாழைப்பழமும் வரும். தினமும் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள், மருத்துவரை மறந்துவிடுங்கள் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். இதயத்துக்கு நல்லதாம், மலச்சிக்கல் தீருமாம், ரத்த அழுத்தம் இறங்குமாம், மனக்கவலைகூட ஓடிப்போய்விடுமாம். கடைசியில், படித்தவுடன் எல்லாருக்கும் அனுப்பவும் என்று ஒரு கட்டளை. அனுப்புகிறவர் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் சித்தப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பொழுது போகவில்லை என்றால் என் உயிரை ஏன் வாங்க வேண்டும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் உண்மைதான். நான் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் காலைப் பசியாறல் பால் இல்லாத ஒரு தே-ஓவும் இரண்டு பீசாங் மாஸும்தான். விரல் நீளத்துக்கு மஞ்சள் மஞ்சளாய் இருக்குமே, அந்தச் சின்ன வாழைப்பழம். உரிக்கக் கத்தி வேண்டாம், தட்டு வேண்டாம், கையைக்கூடக் கழுவ வேண்டாம். வெயிலில் கன்டெய்னர்களுக்கு நடுவில் மதியம் வரைக்கும் தாங்கும். என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வயிற்றுக்கு மாத்திரை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர்கூட, "வாழப்பழம் சாப்பிடுறீங்களா? நல்லது அங்கிள், விடாதீங்க" என்றார். ஆக, பழத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. பழத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர்கள் மேல்தான்.

என் மனைவிக்கு வாழைப்பழம் என்றால் என்னைவிடப் பிடிக்கும். பழத்தைவிட என்னைப் பிடிக்காது என்றும் சொல்லலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு பழத்தை உரிப்பாள். தோலை முழுதாக எடுக்க மாட்டாள். ஒரு வாய்க்கு மட்டும் கீழே இறக்குவாள், கடிப்பாள், மறுபடியும் இறக்குவாள். ஒரு சின்னப் பழத்தை வைத்துக்கொண்டு தெருவில் போகிற அத்தனை பேரிடமும் பேசி முடித்துவிடுவாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ராஸ்தாலி நன்றாக இருந்தால், அன்றைக்குக் கடைக்காரரிடம் பேரம்கூடப் பேச மாட்டாள். உனக்குச் சர்க்கரை இருக்கிறதே, பார்த்துச் சாப்பிடு என்று நான் சொன்னால், "ஒரு பழம்தானே, உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்பாள்.

பிறகு அந்தச் சர்க்கரை அவள் கிட்னியைத் தின்றுவிட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலையில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திருப்பி உள்ளே விடுகிறார்கள். நான்கு மணி நேரம் அங்கே ஒரு நாற்காலியில் அவள் கிடப்பாள். முதல் நாளே உணவு ஆலோசகப் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். கிட்னி வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கிற பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். இவளுக்குப் போகாது. உடம்புக்குள்ளேயே சேரும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். அதனால் இளநீர் வேண்டாம், கீரையை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். வாழைப்பழம்? "வேணாம்லா ஆன்டி. அத மட்டும் மறந்துருங்க" என்று அந்தப் பெண் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பழக்கடையைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் பழத்தை நான் துறைமுகத்தில்தான் சாப்பிடுகிறேன். வீட்டுக்குள் ஒரு வாழைப்பழத் தோல்கூட வரக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு இது கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் நம் ஆட்களால்தான்.

யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள். காய்ச்சலா, வாழைப்பழம். கால் உடைந்ததா, வாழைப்பழம். கிட்னி போய்விட்டதா, அப்படியானால் இரண்டு சீப்பு. என் வீட்டு கேட்டில் நான் செக்யூரிட்டி வேலை பார்த்திருக்கிறேன், தெரியுமா? வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பார்ப்பேன். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த ஒரு தூரத்து மாமா, பையை நான் வாங்கி அவர் காரிலேயே திரும்ப வைத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

"பழம்தானே தம்பி? மாத்திரையா என்னா?"

"மாத்திரையா இருந்தா நான் பயப்பட மாட்டேன் மாமா. டாக்டர் பாத்துக் குடுப்பாரு."

"ஒன்னு சாப்பிட்டா ஒன்னும் ஆயிடாது லா. நம்ம நாட்டுப் பழம். ஆப்பிள்தான் மருந்தடிச்சு வருது."

ஒன்னு சாப்பிட்டா ஒன்னும் ஆயிடாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்பேன். சொல்கிறவருக்கு ஒன்று. அவருக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஒன்று. எல்லாருடைய ஒன்றும் போய்ச் சேருகிற இடம் ஒரே ஒருத்தியின் உடம்பு. இது ஏன் யார் மண்டையிலும் ஏறுவதில்லை?

மாமாவை அனுப்பலாம், சித்தப்பாவின் செய்தியை அழிக்கலாம். என் மனைவியின் அக்காவை என்ன செய்வது?

அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருக்கு இருப்பது கோயிலும் என் மனைவியும்தான். தங்கையின் கிட்னி போய்விட்டது என்றதும், என்னிடம்கூடச் சொல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய், என் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர் அவர். அவருக்கும் சர்க்கரை. அந்தக் குடும்பத்துச் சொத்தே அதுதான். எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவரை நான் எப்படி வெறுப்பேன்? வெறுக்கவும் முடியாமல், கோபத்தை அடக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். அதனால் ஞாயிறுதோறும் அக்கா கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து பண்டமாரான் வந்து, பகல் முழுவதும் தங்கையோடு இருப்பார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கீரையைச் சரியாக ஊறவைப்பார், உப்பைக் குறைப்பார், தண்ணீரை அளந்து கொடுப்பார். வாழைப்பழம் கூடாது என்று நான் சொன்னபோது, "எனக்குத் தெரியாதா தம்பி, நான் கொண்டுட்டு வருவேனா?" என்று கேட்டார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, கூடப்பிறந்தவர் அல்லவா.

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மனைவி நாற்காலியிலிருந்து எழ முயன்று அப்படியே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். "காலு என்னோடது மாதிரியே இல்லங்க" என்றாள். தூக்கி நிறுத்தினேன், முழங்கால் மடங்கிக்கொண்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகாமல், பக்கத்து வீட்டுக்காரரின் உதவியோடு அவளைக் காரில் ஏற்றி நேராக மருத்துவமனைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் லோரிகள். ஹாரனை அமுக்கிய கையை நான் எடுக்கவே இல்லை.

இளம் மலாய் டாக்டர் ஒருவர், இதயத் துடிப்புத் தாளைப் பார்த்ததுமே குரலை மாற்றிக்கொண்டு இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள், சீக்கிரம் இயந்திரத்தில் போட வேண்டும் என்றார்கள். பொட்டாசியம் மிக அதிகம் என்று சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார், என்ன சாப்பிட்டார்கள், பீசாங் சாப்பிட்டார்களா என்று. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் வீட்டில் பீசாங்கா? தோலைக்கூட உள்ளே விடாத என்னிடமா? உங்கள் இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது, மறுபடியும் பாருங்கள் என்று அவரிடம் சத்தம் போட்டேன். பாவம், அந்தப் பிள்ளை மறுபடியும் தாளைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கிள், கோயில் பிரசாதம் ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"

"பிரசாதமா?"

"நம்ம ஆளுங்ககிட்ட அத தனியாத்தான் கேக்கணும் அங்கிள். பழம் சாப்பிட்டீங்களான்னா இல்லம்பாங்க."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஞாயிறுதோறும் அக்கா கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு இருக்கும். விபூதியும் பூவும் என்றுதான் நினைத்திருந்தேன். உடனே அவருக்குப் போன் போட்டேன். தங்கை ஆஸ்பத்திரியில் என்றதும் அழுதார். "நேத்து அவளுக்கு என்னா குடுத்தீங்க?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல தம்பி, சாமி பஞ்சாமிர்தம்தான்" என்றார்.

பஞ்சாமிர்தம்! வாழைப்பழத்தைப் பிசைந்து, அதில் வெல்லத்தைக் கொட்டி, பேரீச்சம்பழம் போட்டு, உலர்ந்த திராட்சையும் போட்டுக் கலக்குகிற பஞ்சாமிர்தம். பொட்டாசியத்துக்கு மேல் பொட்டாசியம், சர்க்கரைக்கு மேல் சர்க்கரை. ஒரு டயாலிசிஸ் நோயாளியைக் கொல்ல வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது. அதுவும் இரண்டு நாள் இயந்திரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்.

அக்கா கிடைத்த ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தார். அவசரப் பிரிவு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். தலைமுடி கலைந்து, செருப்பு மாறிப்போய், மூச்சு வாங்க வந்தார். கையில் என்ன தெரியுமா? அதே தூக்கு.

"சாமிக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன் தம்பி. ஒரு சொட்டு அவ நாக்குல வச்சா போதும்."

"அக்கா, வாழப்பழம் கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"இது வாழப்பழம் இல்ல தம்பி. பிரசாதம்."

"அதுல என்னா போட்டிருக்கு?"

"அபிஷேகம் பண்ணது தம்பி. சாமி மேல பட்டுட்டா அப்புறம் அது எப்படி கெடுதல் பண்ணும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன், மூடியைத் திறந்தேன், வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் மொத்தமாகக் கவிழ்த்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்த நம் பெண்கள் இரண்டு பேர் "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பிரசாதத்த குப்பையில போட்டுட்டீங்களே" என்றார் அக்கா.

"உங்க தங்கச்சிய பெட்டியில வைக்கப் பாத்தீங்களே, அது மட்டும் பரவால்லயா? போங்க. இனிமே என் வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவர் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நான் வேற என்னாதான் தம்பி குடுக்கறது அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு, தங்கையைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. சாமி மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் சாமி வந்து ஊசி போடவில்லை. நிற்கப்போன இதயத்தை ஓட வைத்தது அந்த இளம் டாக்டர்தான்.

இயந்திரத்தில் போட்டு எடுத்த பிறகு, மதியத்துக்கு மேல், வார்டில் என் மனைவி கண் விழித்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அக்கா எங்க?"

"போகச் சொல்லிட்டேன். இனிமே வராது."

"ஏசினீங்களா?"

"ஏசாம கொஞ்சுவாங்களா? உன்ன கொன்னிருக்கும்."

"அக்காவ ஏசாதீங்க. நான்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்" என்றாள்.

முதல் வாரம் அக்கா ஒரு கரண்டி நுனியில்தான் கொடுத்தாராம். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாதே என்று இவள் வாயைத் திறந்தாளாம். நாக்கில் பட்டதும் விடவில்லை. அடுத்த ஞாயிறு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டிருக்கிறாள். அதற்கடுத்த ஞாயிறு அக்கா தயங்கியபோது, சாமி காப்பாத்தும்க்கா என்று சொன்னவளே இவள்தான். நேற்று தூக்கில் இருந்த அத்தனையும் இவள்தான் வழித்துச் சாப்பிட்டாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்டி? சாவணும்னு ஆசையா உனக்கு?"

எனக்கு அவ்வளவு கோபம். அடிக்கத் தோன்றவில்லை, கட்டிலைப் பிடித்து உலுக்கத் தோன்றியது.

"ச்சீ, அப்படியெல்லாம் இல்லங்க" என்றாள் அவள். "தண்ணிய அளந்து குடிக்கறேன். சோத்த அளந்து திங்கறேன். எல்லாரும் என்ன பாத்ததும் மூஞ்சிய மாத்திக்கறாங்க. அத சாப்பிடறப்ப மட்டும் நான் நோயாளின்னு எனக்குத் தோணல."

வீட்டில் இத்தனை நாளாகப் பையைத் தடவிப் பார்த்து, ஆட்களை விரட்டி, சித்தப்பாவின் செய்திகளை அழித்து நான் கட்டிக் காத்த உயிர். அவளோ அதை ஒரு தூக்குப் பஞ்சாமிர்தத்துக்கு வைத்து விளையாடியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பியதும் அவள் ஆரம்பித்தாள். "அக்காவ வரச் சொல்லுங்க."

"முடியாது."

"அப்ப வெள்ளிக்கிழம நானும் மெஷினுக்கு வரல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் கார் சாவியை எடுத்தபோது அவள் கதவைத் தாளிட்டுக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள். கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், கத்தினேன். ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசியில் கதவுக்கு வெளியே நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும் நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழம வாங்க. ஆனா ஒன்னும் கொண்டுட்டு வரக் கூடாது. பிரசாதம் கூடாது, பழம் கூடாது, பூகூடக் கூடாது. வெறுங்கையோட வாங்க."

தாழ்ப்பாள் திறந்தது. என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் அக்கா வந்தார். சொன்னபடியே கையில் ஒன்றும் இல்லை, தோளில் ஒரு சின்னப் பை மட்டும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வராமல், இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். நோயாளி வீட்டுக்கு இப்படி அவர் வாழ்நாளில் வந்திருக்க மாட்டார்.

"கையில ஒன்னும் இல்லாம எப்படி தம்பி உள்ள வர்றது?"

"வாங்கக்கா உள்ள!" என்று கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வரவேற்கத்தான் கூப்பிட்டேன், ஆனால் தொண்டையிலிருந்து அப்படித்தான் வந்தது.

அதற்குள் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே மெதுவாக வாசலுக்கு வந்துவிட்டாள். டயாலிசிஸுக்காக அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே ரத்தம் பாய்வது விர்ரென்று நம் விரலுக்குத் தெரியும். அவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்தாள்.

அக்கா கையை எடுக்கவே இல்லை.

"ஓடுதுடி" என்றார்.

"ஓடுதுக்கா" என்றாள் என் மனைவி.